சுறாவும் நம் தோட்டத்து ஊரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பாகான் டத்தோ வட்டாரத்துத் தென்னை, செம்பனைத் தோட்டங்களில் சுறாப் பாதுகாப்பைப் பற்றிப் பேசிவரும் தன்னார்வலர்கள் நாங்கள். கோயில் மண்டபம், தமிழ்ப்பள்ளி, இரவுச் சந்தை என்று எங்கே போய் நின்றாலும் மக்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம். கேட்பவர்களில் தாய்மார்களே அதிகம். அதனால் சமையலறையைப் பற்றிய பதில் நீண்டுவிட்டது. நீள வேண்டிய பதில்தான் அது.

செம்பனைக் குலை வெட்டிப் பிழைக்கும் நமக்கும் கடலில் திரியும் சுறாவுக்கும் என்ன சம்பந்தம்?

பேராக் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் குடியிருக்கிறோம். தெற்கே பெர்ணம் ஆறு. நம் தோட்டத்து வாய்க்கால்கள் மதகு தாண்டி இந்த ஆறுகளிலோ நேரே மலாக்கா நீரிணையிலோ போய் விழுகின்றன. பல வகைச் சுறாக்களும் திருக்கைகளும் குட்டி போடுவதும், அந்தக் குட்டிகள் தலையெடுக்கும்வரை ஒதுங்கியிருப்பதும் இப்படிப்பட்ட ஆழம் குறைந்த கழிமுகங்களிலும் கண்டல் காட்டு ஓரங்களிலும்தான். பெரிய மீன்கள் அங்கே எளிதில் வர முடியாது. இரையும் தாராளமாகக் கிடைக்கும். ஆகவே, நாம் சுறாவின் பேறுகால அறைக்குப் பக்கத்து வீட்டில் இருக்கிறோம்.

இன்னொரு சம்பந்தம் சந்தை. மீனவர்களாக நம்மவர்கள் இங்கே மிகச் சிலரே. ஆனால் காலைச் சந்தையில் சுறாவைக் கேட்டு வாங்கும் வாடிக்கையாளர்களில் தமிழர்கள் முக்கியமானவர்கள். ‘வீட்டில் பிள்ளை பெற்றவள் இருக்கிறாள், பால்சுறா இருந்தால் எடுத்து வையுங்கள்’ என்று மீன்காரரிடம் முதல் நாளே சொல்லி வைப்பது நம் வழக்கம்.

எப்போது போனாலும் சந்தையில் சுறா கிடக்கிறது. பிறகு எப்படி அழிகிறது என்கிறீர்கள்?

கிடப்பது எது என்று ஒருமுறை உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் மலாய்க்காரர்கள் ‘யூ போடோ’ என்று சொல்லும் மூங்கில் சுறா. இல்லையென்றால் பிற சுறாக்களின் இளங்குட்டிகள். ஆள் நீளத்துக்கு ஒரு சுறா வந்து இறங்கினால் கூட்டம் கூடிப் படம் எடுக்கிறது. அந்தக் கூட்டமே போதும், பெரிய சுறா எவ்வளவு அரிதாகிவிட்டது என்பதைச் சொல்ல.

உலக அளவிலும் இதே நிலைதான். கரையை விட்டுத் திறந்த பெருங்கடலில் நீந்தும் சுறா, திருக்கை இனங்களின் எண்ணிக்கை 1970-இலிருந்து 71 விழுக்காடு குறைந்துவிட்டது என்று 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. சுறா, திருக்கை இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழிவின் விளிம்பை நோக்கிப் போய்க்கொண்டிருக்கின்றன. 58 நாடுகளில் 371 பவளப் பாறைத் திட்டுகளில் கேமரா இறக்கிப் பார்த்து 2020-இல் முடிவு வெளியிட்டார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒரு திட்டில் சுறாவே தென்படவில்லை. மனிதர்கள் பிடித்துக் கொல்லும் சுறாக்களின் எண்ணிக்கை 2012-இல் ஏறத்தாழ 7 கோடியே 60 இலட்சமாக இருந்து 2019-இல் 8 கோடியானது. இத்தனைக்கும் துடுப்பு வெட்டுவதற்கு எதிரான சட்டங்கள் பெருகிய ஆண்டுகள் அவை.

நம் வட்டாரத்துக்கு இன்னும் கூர்மையான சான்று வேளா மீன். மூக்கில் ரம்பம் வைத்த அந்தப் பெரிய மீனை வயதான மீனவர்கள் கை விரித்து அளந்து காட்டுகிறார்கள். இளைஞர்கள் பலர் அதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள்.

மற்ற மீன்களும்தான் பிடிபடுகின்றன. அவை பெருகவில்லையா? சுறா மட்டும் ஏன் பெருகாது?

நாம் வறுத்துச் சாப்பிடும் கெம்போங் (கானாங்கெளுத்தி) மீன் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். விரைவில் வளர்ந்து தானும் முட்டையிடத் தொடங்கிவிடும். சுறாவின் வாழ்க்கை அப்படிப்பட்டதன்று. பால்சுறா ஏறக்குறைய ஓராண்டு கருவைச் சுமக்கும். ஒரு தடவைக்கு ஒன்றிலிருந்து எட்டுக் குட்டிகள்தான். குளிர்க்கடல்களில் வாழும் முள் சுறா இரண்டு ஆண்டுகள்வரை சுமக்கிறது. சுத்தியல்போல் தலை அகன்ற பெரிய கொம்பன் சுறாக்கள் பருவத்துக்கு வரவே பல ஆண்டுகள் ஆகும்.

மீன் பலகையில் சினைப் பால்சுறாவின் வயிற்றைக் கிழிக்கும்போது நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். உள்ளே ஒரு சாண் நீளத்தில் குட்டிகள், ஒவ்வொன்றின் நெஞ்சுக்கடியிலிருந்தும் மெல்லிய வெள்ளைத் தொப்புள்கொடி, கொடியின் மறுமுனை தாயின் கருப்பையில். கண்கள் முழுதாக உருவாகியிருக்கும். துடுப்புகள் உடம்போடு ஒட்டி மடிந்திருக்கும். மீன்காரர் அவற்றைக் குடலோடு சேர்த்து வாளியில் தள்ளிவிடுவார். விலை போகாத பொருள். ஒரு தாயோடு ஒரு தலைமுறையும் போயிற்று.

பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு கொடுத்தால் பால் நன்றாக ஊறும் என்கிறார்களே. கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். எங்களிடம் வரும் கேள்விகளிலேயே மிக முக்கியமானது இது.

காரணம் பாதரசம். காற்றிலும் நீரிலும் கலக்கும் பாதரசம் கடலுக்குள் நுண்ணுயிர்களால் மெத்தில் பாதரசமாக மாறுகிறது. சிறு மீன் அதைக் கொஞ்சம் உட்கொள்கிறது. அந்தச் சிறு மீன்களைத் தின்னும் பெரிய மீனின் உடம்பில் அது சேர்ந்துகொண்டே போகிறது. உச்சியில் இருக்கும் சுறாவின் தசையில் பல மடங்காகக் குவிகிறது. சுறா நீண்ட காலம் வாழ்வதால் சேர்வதும் அதிகம். வேக வைத்தாலும், மஞ்சள் போட்டு அலசினாலும், நீரைப் பிழிந்து கொட்டினாலும் பாதரசம் போகாது. அது தசையோடு பிணைந்திருக்கிறது. நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்கும், ஓரளவு தாய்ப்பால் வழியாகப் பச்சிளங்குழந்தைக்கும் அது போய்ச் சேரும். வளர்ந்துகொண்டிருக்கும் மூளையையும் நரம்பையும்தான் அது முதலில் பதம் பார்க்கும். கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மார்களும் சிறு குழந்தைகளும் அறவே தவிர்க்க வேண்டிய மீன்களின் பட்டியலில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சுறாவை வைத்திருக்கிறது. உலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், சுறா இறைச்சிக்குக் கிலோவுக்கு 1.6 மில்லிகிராம் மெத்தில் பாதரசம் என்று 2018-இல் தனி வரம்பு வைத்தது.

சின்னச் சுறாதானே, குட்டிதானே என்று சிலர் கேட்பார்கள். குட்டியில் பாதரசம் குறைவாக இருக்கும் என்பது சரி. ஆனால் துண்டு போட்ட பிறகு எது குட்டி, எது பெரியது, எந்த இனம் என்று யாருக்குத் தெரியும்? வீட்டில் புதிதாகப் பிறந்த குழந்தை இருக்கும்போது அந்தச் சூதாட்டம் வேண்டாம்.

சரி, பால் ஊறுமா? பிள்ளை பெற்ற உடம்புக்குப் புரதம் தேவை; சுறாவில் புரதம் உண்டு. நம் முன்னோர் கண்ட பலன் அதனால் வந்திருக்கலாம். சுறாவுக்கு மட்டுமே உரிய பால்சுரப்பு ஆற்றல் என்று எதையும் மருத்துவம் நிறுவவில்லை. குழந்தை அடிக்கடி மார்பில் வாய் வைத்துச் சப்பச் சப்பத்தான் பால் பெருகும். தாய்க்கு ஓய்வு, போதிய தண்ணீர், வயிறார உணவு ஆகியவை அதற்குத் துணை.

புட்டு என்ற பக்குவத்தைக் கைவிட வேண்டியதில்லை. அதை விட்டுவிடச் சொல்ல எங்களுக்கும் மனமில்லை. சின்ன வெங்காயமும் நிறைய பூண்டும் இஞ்சியும் கறிவேப்பிலையும் வதங்கி, உதிர்த்த மீன் அதில் புரண்டு, கடைசியில் மிளகுத்தூள் தூவி இறக்கும் அந்த மணம் நம் வீட்டுப் பிரசவங்களோடு சேர்ந்தது. மீனை மட்டும் மாற்றுங்கள். இங்கே சியாக்காப் என்று விற்கும் கொடுவா வளர்ப்பு மீனாகவே தாராளமாகக் கிடைக்கிறது. சதை வெள்ளையாக, உதிர்வதற்கு வாகாக இருக்கும். மஞ்சளும் உப்பும் தடவி ஆவியில் வேக வைத்து, ஆறிய பிறகு தோலையும் முள்ளையும் நீக்கி உதிர்த்துக்கொள்ளுங்கள். சுறாவுக்குச் செய்வதுபோல் பிழியத் தேவையில்லை. சுறாவைப் பிழிவதே அதன் சதையில் இருக்கும் யூரியா அமோனியாவாக மாறி வீச்சம் அடிப்பதால்தான். கொடுவாவில் அது கிடையாது. கெம்போங்கிலும் செய்யலாம், முள் பார்த்து எடுக்கப் பொறுமை வேண்டும். தெங்கிரியை (வஞ்சிரம்) மட்டும் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அதுவும் வேட்டை மீன்; பெரிய தெங்கிரியில் பாதரசம் கணிசமாக இருக்கும்.

ஏற்கெனவே சுறாப்புட்டு சாப்பிட்டுவிட்ட தாய்மார்கள் பயந்து பாலூட்டுவதை நிறுத்திவிடக் கூடாது. தாய்ப்பாலின் நன்மை மிகப் பெரியது. இனிமேல் சுறாவைத் தவிருங்கள். மனத்தில் கவலை இருந்தால் கிளினிக்கில் தாதியிடம் கேளுங்கள்.

மாமியார் கேட்கமாட்டார். அவரிடம் எப்படிச் சொல்வது?

‘உங்கள் வழக்கம் தவறு’ என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அவர் பிள்ளை பெற்ற காலத்துக் கடலும் இன்றைய கடலும் ஒன்றல்ல என்று தொடங்குங்கள். பாதரசத்தைப் பற்றி டாக்டரோ தாதியோ சொன்னதாகச் சொன்னால் எடுபடும். அதைவிட எளிய வழி, கொடுவாவை நீங்களே வாங்கிக் கொண்டுபோய், ‘அத்தை, உங்கள் கைப்பக்குவத்தில் இதைப் புட்டு செய்து தாருங்கள்’ என்று கேட்பது. பத்தியச் சமையலின் அதிகாரம் அவர் கையிலேயே இருக்கட்டும். இந்த வேலையில் எங்களுக்கு அதிகம் துணை நின்றவர்கள் பாட்டிமார்கள்தான். ஒரு பாட்டி ஒப்புக்கொண்டுவிட்டால் அந்த லயத்து வீடுகள் எல்லாமே ஒப்புக்கொள்கின்றன.

சுறாத் துடுப்பு சூப்தானே அழிவுக்குக் காரணம்? அதை நாம் குடிப்பதில்லையே?

துடுப்பு வாணிபம் பெரிய காரணம்தான், மறுக்கவில்லை. துடுப்புக்குள் இருக்கும் நார்களுக்குச் சுவையே கிடையாது; சூப்பின் சுவை கோழியிலிருந்தும் மற்ற சாமான்களிலிருந்தும் வருகிறது. மதிப்புக்காகப் பரிமாறப்படும் உணவு அது. அதைக் கைவிடச் சொல்லி மலேசியச் சீன இளைஞர்களே பலர் முன்வந்து பேசுகிறார்கள். திருமண விருந்தில் துடுப்பு சூப் வேண்டாம் என்று முடிவெடுத்த மணமக்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள்.

ஆனால் அடுத்த வீட்டுப் பானையைக் காட்டி நம் பானையை மறைக்கக் கூடாது. மலேசியாவில் சுறா பெரும்பாலும் முழு உடலோடுதான் கரைக்கு வருகிறது. துடுப்பு ஒரு பக்கம் போகும், இறைச்சி நம் சந்தைக்கு வரும். இறைச்சிக்கும் விலை இருப்பதால்தான் வலையில் சிக்கியதைத் திருப்பி விடுவதற்குக் காரணமே இல்லாமல் போகிறது. வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சுறாப்புட்டு கேட்கும் நாமும் அந்த விலையின் ஒரு பகுதி.

எந்தச் சுறாவைப் பிடிக்க, விற்கச் சட்டப்படி தடை? பார்த்தால் எப்படித் தெரியும்?

1985-ஆம் ஆண்டு மீன்பிடிச் சட்டத்தின் கீழ் 1999-இல் அருகிவரும் மீன் இனங்களுக்கான விதிமுறைகள் வந்தன. அதில் அம்மணி உழுவையும் (திமிங்கலச் சுறா) வேளா மீனும் இருந்தன. 2019-இல் பெரிய கொம்பன் சுறா, வழுவழுத் தலைக் கொம்பன் சுறா, சிறகுத் தலைக் கொம்பன் சுறா, வெண்நுனித் துடுப்புடைய பெருங்கடல் சுறா ஆகியவையும் இரண்டு வகை மந்தா திருக்கைகளும் சேர்க்கப்பட்டன.

கொம்பன் சுறாக்களைத் தலையைப் பார்த்துப் பிரிக்கலாம். பெரிய கொம்பனுக்குத் தலையின் முன்விளிம்பு ஏறக்குறைய நேர்கோடு, நடுவில் ஒரு பள்ளம். முதுகுத் துடுப்பு அரிவாள்போல் உயர்ந்து வளைந்திருக்கும். வழுவழுத் தலையில் நடுப்பள்ளம் இருக்காது. சிறகுத் தலையனைக் குழந்தைகூடச் சொல்லிவிடும். தலையின் அகலமே உடல் நீளத்தில் பாதியை நெருங்கும். நம் நீரிணைபோன்ற ஆழம் குறைந்த கரையோரக் கடல் அதற்குப் பிடித்தமான இடம். வெண்நுனிச் சுறாவுக்குத் துடுப்பு நுனிகள் உருண்டு, வெள்ளை பூசியதுபோல் இருக்கும்.

அனைத்துலகச் சந்தைக்கு வேறொரு கட்டுப்பாடு உண்டு. சைட்டிஸ் உடன்படிக்கையில் 2013-இல் கொம்பன் சுறாக்களும், 2019-இல் மாக்கோ சுறாக்களும், 2022-இல் பனாமா மாநாட்டில் சந்தைகளில் மிக அதிகம் காணப்படும் ஒரு சுறாக் குடும்பம் முழுவதும் பட்டியலுக்கு வந்தன. பட்டியலில் உள்ளதை ஏற்றுமதி செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும். உள்ளூரில் பிடித்து உள்ளூரில் விற்பதை அது தொடாது. அங்கேதான் நம் வேலை இருக்கிறது.

சந்தையில் தடை செய்யப்பட்ட சுறாவைப் பார்த்துவிட்டேன். சண்டை போடலாமா?

வேண்டாம். மீன்காரருக்கே அது எந்த இனம் என்று தெரியாமல் இருக்கக்கூடும். தலை, முழு உடல் இரண்டும் தெரிய, அளவுக்கு ஒரு பொருளைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். இடம், தேதி, நேரம் குறித்துக்கொண்டு மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கொடுங்கள். அவருடைய முகத்தைப் படம்பிடித்து முகநூலில் போட்டு அவமானப்படுத்தினால் அடுத்த நாளிலிருந்து சுறாவை மறைத்து விற்பார்கள். நமக்கு ஒரு தகவலும் கிடைக்காது.

மீனவர்களும் நம்மைப்போல் உழைப்பாளிகள். அவர்கள் வயிற்றில் அடிக்கச் சொல்கிறீர்களா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை நாங்கள் மதிக்கிறோம். ஆலை மூடி, தோட்டம் கைமாறி, வேலை போன அனுபவம் நம் மக்களுக்கு உண்டு. பிழைப்பைப் பறித்துவிட்டுப் பாதுகாப்பு என்று சொன்னால் யாரும் துணை வரமாட்டார்கள், வரவும் வேண்டியதில்லை.

உண்மை நிலை என்னவென்றால், மலேசியாவில் சுறாவையே குறிவைத்துப் போகும் படகுகள் மிகக் குறைவு. இறாலுக்கும் மற்ற மீனுக்கும் விரித்த வலையில்தான் சுறா மாட்டுகிறது. மொத்தக் கடல் மீன் வரத்தில் அதன் பங்கு மிகச் சிறியது. ஆகையால் சுறாவைக் காப்பாற்ற மீன்பிடியை நிறுத்த வேண்டியதில்லை. வலையைத் திருத்தினால் பெரும்பகுதி சரியாகிவிடும்.

இதற்கு ஒரு நல்ல சாதனம் ஏற்கெனவே உண்டு. இழுவைமடிக்குள், அதாவது ‘புக்காட் துண்டா’வுக்குள், சாய்வாகப் பொருத்தும் கம்பித் தட்டி அது. இறால் கம்பிகளுக்கு நடுவே புகுந்து பைக்குள் போய்விடும். ஆமையும் பெரிய திருக்கையும் பெரிய சுறாவும் தட்டியில் மோதி, திறப்பின் வழியாக வெளியேறிவிடும். ஆமைகளுக்காகச் செய்யப்பட்ட இது சுறாவுக்கும் உதவுகிறது. ஆஸ்திரேலியாவின் வடக்கு இறால் கடற்பகுதியில் நடந்த ஆய்வில் பெரிய சுறாக்களில் 86 விழுக்காடும் பெரிய திருக்கைகளில் 94 விழுக்காடும் இப்படித் தப்பித்தன. மலேசியாவிலும் மீன்வளத் துறை இந்தத் தட்டியை இழுவைப் படகுகளில் கொண்டுவந்திருக்கிறது. பெரிய திருக்கை உள்ளே புரண்டு இறாலை நசுக்குவது நின்றுவிடுவதால் படகுக்காரருக்கும் அது இலாபம்தான். சிறு குட்டிகள் கம்பி இடுக்கில் நுழைந்துவிடும் என்பது இதன் குறை. குட்டிகளைக் காக்கக் கரையோரத்தில் இழுவைமடிக்கு உள்ள தடையை உறுதியாக நடைமுறைப்படுத்துவது ஒன்றே வழி. அந்தத் தடை சிறு படகு மீனவர்களுக்கும் பாதுகாப்பு. அவர்களே அதை முதலில் கேட்கிறார்கள்.

ஊர் மக்கள் சேர்ந்து சுறாவைக் காப்பாற்றிய இடம் எங்காவது உண்டா?

உண்டு, இந்தியாவில் குஜராத் கடற்கரையில். அங்கே அம்மணி உழுவையை ஈரல் எண்ணெய்க்காகவும் இறைச்சிக்காகவும் கொன்றுகொண்டிருந்தார்கள். 2001-இல் இந்திய அரசு அதைச் சட்டப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. சட்டம் வந்தும் மீனவர் மனம் உடனே மாறவில்லை. 2004-இல் இந்திய வனவுயிர் அறக்கட்டளையும் குஜராத் வனத்துறையும் ஓர் இயக்கம் தொடங்கின. மக்கள் மிகவும் மதிக்கும் இராம கதைச் சொற்பொழிவாளர் மொராரி பாபு அதற்கு முகமாக வந்தார். அவர் சொன்னது இதுதான்: இந்தப் பெரிய மீன் நம் கரைக்கு வருவது, வாழ்க்கைப்பட்டுப் போன மகள் பேறுகாலத்துக்குத் தாய்வீடு வருவதுபோல. வீடு தேடி வந்த மகளைக் கொல்லலாமா?

மீனவர்களுக்கு அது நெஞ்சில் தைத்தது. வலையில் அம்மணி உழுவை மாட்டினால் வலையை அறுத்து விடத் தொடங்கினார்கள். அறுந்த வலைக்கு வனத்துறை இழப்பீடு கொடுத்தது. இதை மறந்துவிடக் கூடாது. மனமாற்றமும் வலைக்கான பணமும் சேர்ந்துதான் அந்த வெற்றி வந்தது. பல நூறு அம்மணி உழுவைகள் உயிரோடு கடலுக்குத் திரும்பியிருக்கின்றன.

நம் நாட்டில் சபாவின் லங்காயான் தீவைச் சுற்றியுள்ள கடல் 2001-இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. செம்போர்ணா பக்கம் சுறா பார்க்க வரும் முக்குளிப்பாளர்களால் படகோட்டிகளும் விடுதிக்காரர்களும் பிழைக்கிறார்கள். நம் பக்கத்துச் சேற்றுக் கடலில் முக்குளிப்புச் சுற்றுலா நடக்காது. சபாவின் வழியை அப்படியே இங்கே நகல் எடுக்க முடியாது. குஜராத்தின் வழிதான் நமக்குப் பொருந்துகிறது என்பது எங்கள் எண்ணம். தாய்வீடு என்ற சொல்லின் கனம் நம் பெண்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆராய்ச்சி, ஆராய்ச்சி என்கிறீர்கள். சுறாவை வைத்து என்னதான் ஆராய்கிறார்கள்?

முதல் வேலை எண்ணுவது. மீன் இறங்குதுறையில் உட்கார்ந்து, வந்த சுறா ஒவ்வொன்றும் என்ன இனம், ஆணா பெண்ணா, எத்தனை நீளம், சினையா என்று எழுதுவது. கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். ஆனால் இனம் பிரிக்காமல் ‘யூ’ (மலாயில் சுறா) என்று ஒரே பெயரில் எழுதினால், எது குறைகிறது என்று யாருக்கும் தெரியாமலே ஓரினம் போய்விடும். திரெங்கானுவில் செண்டரிங்கில் இருக்கும் தென்கிழக்காசிய மீன்வள மேம்பாட்டு மையத்தின் கிளை இந்தக் கணக்கெடுப்புக்கு மலேசிய அலுவலர்களைப் பழக்கியது. மலேசியா சுறாக்களுக்கான தேசியச் செயல்திட்டத்தை 2006-இலும், அதன் இரண்டாம் பதிப்பை 2014-இலும் வெளியிட்டது.

அடுத்தது வயது. மரத்தில் வளையம் எண்ணுவதுபோல் சுறாவின் முதுகெலும்பு வட்டில் வளையங்களை எண்ணுகிறார்கள். அம்மணி உழுவையை அதன் முதுகுப் புள்ளிகளைக் கொண்டே தனித்தனியாக அடையாளம் காண்கிறார்கள். நட்சத்திரப் படங்களை ஒப்பிட வானியலாளர்கள் உருவாக்கிய கணிப்பு முறையை 2005-இல் இதற்குத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு சுற்றுலாப் பயணி எடுத்த படம்கூட அந்தக் கணக்கில் சேரும்.

சாதாரண மக்கள் இல்லாமல் இந்த ஆராய்ச்சி நடக்காது என்பதற்கு சபாவின் கினபாத்தாங்கான் ஆறே சான்று. இருபுறமும் செம்பனை சூழ்ந்த ஆறு அது. ஆற்றில் சுறா உண்டு என்று கரையோரக் கிராமத்தார் சொல்லி வந்தார்கள். 1996-இல் அவர்கள் துணையோடு, மிக அரிதான ஆற்றுச் சுறா ஒன்று ஆய்வாளர்கள் கைக்குக் கிடைத்தது.

தோட்டத்து உரமும் மருந்தும் சுறாவைப் பாதிக்குமா?

நேரடியாகச் சுறாவைக் கொல்வதைவிட, குட்டிகள் வளரும் கழிமுகத்தைக் கெடுக்கும். மழைக்கு முன் போட்ட உரம் வாய்க்காலில் கரைந்து போனால் பாசி பெருகி, அது அழுகும்போது நீரில் உயிர்வளி குறையும். செம்பனை ஆலைக் கழிவு நீரைச் சுத்திகரித்த பிறகே வெளியேற்ற வேண்டும் என்று 1977-லிருந்தே நம் நாட்டில் விதி இருக்கிறது. வாய்க்காலில் கறுப்பாக நாற்றமெடுத்து நீர் வந்தால் சுற்றுச்சூழல் துறையிடம் புகார் கொடுக்கலாம்.

மருந்தடிக்கும் நம் பெண்கள் காலி டின்னையும் பம்ப்பையும் வாய்க்காலில் கழுவக் கூடாது. அவர்களுடைய கைக்கும் நல்லது அதுதான்.

சுறா எலும்பு மாத்திரை புற்றுநோயைத் தடுக்குமா? ஏஜெண்டு வீட்டுக்கே வந்து விற்கிறார்.

தடுக்காது. சுறாவுக்குப் புற்றுநோய் வராது என்பதே பொய். அதற்கும் கட்டிகள் வருகின்றன. சுறாக் குருத்தெலும்புச் சாற்றை நுரையீரல் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த பெரிய மருத்துவச் சோதனையின் முடிவு 2010-இல் முழுமையாக வெளியானது. அதனால் ஆயுள் கூடவில்லை. அந்தப் பணத்தில் பரிசோதனைக்குப் போகப் பஸ் டிக்கெட் எடுங்கள். வைத்தியத்தைத் தள்ளிப்போட்டு இந்த மாத்திரையை நம்பியிருப்பதுதான் எங்களை மிகவும் வருந்த வைக்கிறது.

கடலில் குளித்தால் சுறா கடிக்காதா?

உலகம் முழுவதும் சுறா தானாக வந்து தாக்கி இறப்பவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக ஐந்தாறு பேர். மலேசியக் கரைகளில் அது மிக மிக அரிது. பெர்ஹெந்தியான், தியோமான் தீவுகளில் கருநுனித் துடுப்புச் சுறாக்கள் குளிப்பவர்களுக்குப் பக்கத்திலேயே நீந்துகின்றன. மனிதர் அசைந்தால் அவைதான் ஓடுகின்றன.

நம் கரையில் கவனிக்க வேண்டியது திருக்கை முள். சேற்றில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் அது விலகிப் போய்விடும். குத்திவிட்டால், பொறுக்கும் அளவுக்குச் சூடான நீரில் காலை வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

திருக்கைக் குழம்பும் சாப்பிடக் கூடாதா?

திருக்கைகளின் நிலையும் மோசம்தான். உழுவை இனங்கள் (மலாயில் ‘யூ கெமெஜான்’; சுறாபோல் தோன்றும் திருக்கைகள், அம்மணி உழுவை வேறு) சுறாக்களைவிட மோசமான ஆபத்தில் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே நாளில் விடச் சொல்லவில்லை. சுறாவிலிருந்து தொடங்குங்கள், உழுவையைத் தொடாதீர்கள், திருக்கையைக் குறையுங்கள்.

சுறா இல்லாவிட்டால் கடலுக்கு என்ன நட்டம்?

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் பே என்ற குடாவில் இதைப் பல ஆண்டுகள் கவனித்திருக்கிறார்கள். புலிச் சுறா நடமாடும் காலத்தில் கடற்பசுவும் ஆமையும் ஆபத்தான இடங்களில் மேய்வதைக் குறைக்கின்றன, கடற்புல் தழைக்கிறது. அந்தப் புல்லுக்குள்தான் இறாலும் மீன்குஞ்சும் வளர்கின்றன. சுறா தின்பதால் மட்டுமல்ல, சுறா வரும் என்ற அச்சத்தாலும் கடல் ஒழுங்காக இருக்கிறது. நாற்பது கோடி ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவரும் உயிர்க்குலம் அது.

அம்மணி உழுவை கரை ஒதுங்கினால் என்ன செய்ய வேண்டும்?

உடனே மீன்வளத் துறைக்கோ 999-க்கோ சொல்லுங்கள். கூட்டத்தை விலக்குங்கள். உயிர் இருந்தால் உடம்பை நனைத்துக்கொண்டே இருங்கள், செவுள்களை மூடாதீர்கள், வாலில் கயிறு கட்டி இழுக்காதீர்கள், முதுகெலும்பு சேதமடையக்கூடும். பிள்ளைகளை மேலே ஏற்றிப் படம் எடுப்பதைப் பார்த்திருக்கிறோம், தயவுசெய்து வேண்டாம். இறந்திருந்தாலும் வெட்டி எடுக்கக் கூடாது. அளவும் படமும் ஆய்வாளர்களுக்குத் தேவை.

எங்கள் தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தர முடியுமா?

முடியும், எங்களுக்கு மிகப் பிடித்த வேலை அதுதான். படம் காட்டிப் பேசுவதைவிடப் பொருளைக் கையில் கொடுப்பது நல்லது. மீன்காரர் கழித்துப் போட்ட சுறாத் தோல் துண்டை உப்பில் காய வைத்துக் கொண்டுவருவோம். தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவினால் வழுவழுப்பாக இருக்கும். எதிர்ப்பக்கம் தடவினால் உப்புத்தாள்போல் விரலைப் பிடிக்கும். அந்தச் சொரசொரப்பு முழுவதும் நுண்ணிய பற்கள் என்று சொன்னதும் பிள்ளைகள் மறுபடியும் கை நீட்டுவார்கள். வலையில் சிக்கி வந்த மூங்கில் சுறாவின் வெற்று முட்டைக்கூடும் எங்களிடம் உண்டு. பழுப்பு நிறம், பை போன்ற வடிவம். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் குஞ்சு வெளியேறிய பிளவு தெரியும்.

நான்காம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டு வரையுள்ள மாணவர்களுக்கு இது பொருந்துகிறது. ஒரு பாட வேளை போதும். மேசையும் கை கழுவத் தண்ணீரும் இருந்தால் சரி. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழியாகத் தலைமையாசிரியர் நாள் குறித்துச் சொன்னால், தோலும் முட்டைக்கூடும் கொம்பன் சுறாத் தலைப் படங்களும் எடுத்துக்கொண்டு நாங்கள் வந்துவிடுவோம். இயன்றால் அன்று அம்மாக்களையும் பாட்டிகளையும் வரச் சொல்லுங்கள். கொடுவாப் புட்டும் செய்து கொண்டுவருகிறோம்.